அலெக்சாந்திரியாவில் ஒரே நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எகிப்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கெய்ரோவை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். பிரமிடு, அருங்காட்சியகம், அப்புறம் லக்சர், அஸ்வான். எல்லாம் போக ஒரு நாள் மிஞ்சும். "அந்த ஒரு நாளில் அலெக்சாந்திரியா போய் வரலாமா? போனால் எதைப் பார்ப்பது?" என்று கேட்டு எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். கூடவே ஒரு பட்டியலும் வரும்: கோட்டை, நூலகம், தூண், நிலவறைக் கல்லறை, ரோமானிய அரங்கு, அருங்காட்சியகம். ஆறையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா என்றால், டிக்கெட் வாங்க முடியும், பார்க்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கெய்ரோவிலிருந்து ரயிலோ காரோ, போக இரண்டரை மூன்று மணி நேரம், திரும்ப அதே அளவு. தொல்லியல் இடங்கள் காலை 9 மணிவாக்கில் திறந்து, மாலை நாலு, நாலரைக்கே ஆளை வெளியே அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். நடுவில் சாப்பாடு, போக்குவரத்து நெரிசல். உருப்படியாகப் பார்க்கக் கிடைப்பது ஐந்து மணி நேரம், மிஞ்சிப்போனால் ஆறு. அதற்குள் மூன்று இடம்தான் அடங்கும். அப்படியானால் எந்த மூன்று?

## முதலில் அளவுகோல்

மற்ற ஊர்களில் "எது புகழ்பெற்றது" என்று கேட்டே தேர்ந்தெடுத்துவிடலாம். அலெக்சாந்திரியாவில் அது நடக்காது, ஏனென்றால் இந்த ஊரின் புகழ்பெற்ற சமாசாரங்கள் எதுவும் இப்போது அங்கே இல்லை. கலங்கரை விளக்கம் நிலநடுக்கத்தில் சரிந்துவிட்டது. பழைய நூலகத்தின் சுவடுகூடக் கிடைக்கவில்லை. கி.மு. 331இல் நகரத்தை நிறுவிய அலெக்சாந்தரின் கல்லறையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிளியோபாட்ரா வாழ்ந்த அரண்மனைப் பகுதி துறைமுகத் தண்ணீருக்கு அடியில். அவள் பெயரில் 'ஊசிகள்' என்று வழங்கும் இரண்டு கல்தூண்கள் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி, ஒன்று லண்டனிலும் ஒன்று நியூயார்க்கிலும் நிற்கின்றன.

அதனால் என் முதல் அளவுகோல் மிச்சம். கண் முன்னால் நிற்பது அந்தக் காலத்துப் பொருளா, அல்லது அதன் பெயரைச் சுமக்கும் வேறொன்றா?

இரண்டாவது முன்தயாரிப்பு. ஒன்றும் படிக்காமல் போய் நின்றாலும் மனசில் ஏறுமா? மூன்றாவது உடம்பு: படிகள், வெயில், வயதானவர்கள், குழந்தைகள். நாலாவது கணக்கில் வராத செலவு: தனித்தனி டிக்கெட், டாக்ஸி பேரம், பக்ஷீஷ் என்கிற இனாம், எல்லாவற்றையும்விட நேரம்.

அவசரக்காரர்களுக்காக ஒரு பட்டியல்:

| இடம் | மிச்சம் | தேவையான நேரம் | உடம்புக்கு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| கைத்பே கோட்டை | குறைவு | 1 மணி | எளிது, மாடிப்படி உண்டு | குழந்தைகளோடு வருபவர்கள், கடல் பிரியர்கள் |
| புதிய நூலகம் | இல்லை (அதன் அருங்காட்சியகம் தவிர) | 2 மணி | மிக எளிது | முதியவர்கள், கட்டடக்கலை ஆர்வலர்கள், மழை நாள் |
| கோம் எல்-ஷுகாஃபா நிலவறை | மிக அதிகம் | 1¼ மணி | 99 படிகள் | கிட்டத்தட்ட எல்லோருக்கும் |
| பாம்பி தூண் | ஒரே ஒரு தூண் | 40 நிமிடம் | வெயில் | நிலவறைக்கு வருபவர்கள் |
| கோம் எல்-திக்கா | அதிகம் | 1¼ மணி | நடுத்தரம் | படிப்பில் ஆசை உள்ளவர்கள் |
| கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகம் | அதிகம் | 2½ மணி | எளிது | இரண்டு நாள் தங்குபவர்கள் |

## கைத்பே கோட்டை

படம் எடுக்க இந்த ஊரில் இதைவிட அழகான இடம் கிடையாது. மூன்று பக்கமும் கடல், வெளிர்நிறக் கல், மீன்பிடிப் படகுகள். எகிப்தை ஆண்ட மம்லூக் வம்சத்துச் சுல்தான் கைத்பே 1477இல் கட்டத் தொடங்கி இரண்டு ஆண்டில் முடித்த கோட்டை. ஆனால் கூட்டம் வருவது அவருக்காக இல்லை. பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்ற இடம் இதுதான். 100 மீட்டருக்கும் மேல் உயரமாக, ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேல் நின்ற கட்டடம். 1303இல் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அது மீளவில்லை. 1326இல் இந்த ஊருக்கு வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா அதன் ஒரு பக்கம் இடிந்திருந்ததைப் பார்த்தார். 1349இல் திரும்பி வந்தபோது வாசல் வரை ஏறக்கூட வழியில்லாமல் கிடந்தது என்று எழுதிவைத்தார்.

மிச்சம் என்று பார்த்தால், கோட்டையில் உள்ள சிவப்பு கிரானைட் துண்டுகள் சில கலங்கரை விளக்கத்திலிருந்து எடுத்தவை என்கிறார்கள். அவ்வளவுதான். கோட்டையே 1882இல் பிரிட்டிஷ் கடற்படையின் குண்டுவீச்சில் நொறுங்கி, பிறகு பழுதுபார்க்கப்பட்டது. உள்ளே அறைக்கு அறை வெறுமை. எனக்கு உள்ளே போனதைவிட வெளியே கடலோரம் நடந்ததுதான் பிடித்தது, அதற்கு டிக்கெட்டும் கிடையாது.

மறைசெலவு இரண்டு. வெள்ளிக்கிழமை ஊரே குடும்பத்தோடு இங்கேதான் இருக்கும், அன்றைக்கு ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆகும். இன்னொன்று குதிரை வண்டி. "சும்மா ஏறுங்க, ஒரு சுற்றுதான்" என்பார்கள். ஏறும் முன்பே தொகையையும், அது தலைக்கா வண்டிக்கா என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். நான் பேசாமல் ஏறினேன், இறங்கும்போது தலைக்கு என்றார்.

தமிழ் வாசகர்களுக்கு மட்டும் இங்கே ஒரு கூடுதல் காரணம் உண்டு. கோட்டை மதிலில் நின்று துறைமுகத்தைப் பார்க்கும்போது முசிறியை நினைத்துக்கொள்ளலாம். சேரர் துறைமுகமான முசிறிக்குப் போய்வருவதற்காக எழுதிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஹெர்மாபோலோன் என்ற கப்பல் ஏற்றிவந்த தந்தம், கங்கைக்கரைச் சடாமாஞ்சில் என்ற வாசனைப் பொருள் ஆகியவற்றின் மதிப்பு குறித்திருக்கிறது. செங்கடலில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் கரை ஊரான கோப்டோஸுக்கும், அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கும் வரவேண்டும், கால் பங்கு சுங்கம் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தாள் இப்போது வியன்னாவில் இருக்கிறது. இந்த ஊரின் வழக்கமே அதுதானே.

## புதிய நூலகம்

பெயரைக் கேட்டதும் எல்லோரும் முதலில் ஓடுவது இங்கேதான். நானும் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தேன். காலை நேரம் முழுவதும் இங்கே போய்விட்டது. நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தபோது காவலாளி சாவிக்கொத்தைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

2002இல் திறந்த கட்டடம், நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்தது. கடலிலிருந்து எழும் சூரியனைப் போலச் சாய்ந்த வட்டக் கூரை, விட்டம் 160 மீட்டர். வெளியே அஸ்வான் கிரானைட் சுவரில் உலகின் 120 எழுத்து முறைகளிலிருந்து எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வாசிப்புக் கூடம் 11 தளங்களாகப் படிப்படியாக இறங்கும், கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பரவும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இது இன்றைய மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிற இடம். பழைய நூலகத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பெயரும், ஏறக்குறைய அதே வட்டாரம் என்பதும்தான்.

ஒரு விதிவிலக்கு: உள்ளேயே தனி டிக்கெட்டில் ஒரு சிறிய தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த ஒரு வண்ணக்கல் தரை ஓவியம் அங்கே உண்டு. கவிழ்ந்து கிடக்கும் வெண்கலக் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் சிவப்புப் பட்டை, முகத்தில் 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்கிற பாவனை. கி.மு. 2ஆம் நூற்றாண்டு நாய், நேற்று நம் வீட்டில் பால் பாத்திரத்தைக் கவிழ்த்ததுபோல் முழிக்கிறது. வாசல் பக்கம் நிற்கும் எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து மன்னன் தாலமியின் பிரம்மாண்டமான சிலையையும் விட்டுவிடாதீர்கள், அது கடலுக்கு அடியிலிருந்து எடுத்தது.

பையை வெளியே ஒப்படைக்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை. நுழைவு டிக்கெட் வேறு, அருங்காட்சியக டிக்கெட் வேறு. வார இறுதி நாட்களில் நேரம் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்ட், ஏசி, கழிப்பறை, உட்கார நாற்காலி எல்லாம் உண்டு, முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் மறுபேச்சில்லாமல் இதுதான். குளிர்காலப் புயல் நாட்களுக்கும் அப்படியே. நவம்பர் முதல் மார்ச் வரை இந்த ஊரில் 'நவ்வா' என்று கடற்புயல்கள் அடுத்தடுத்து வரும், ஒவ்வொன்றுக்கும் மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நவம்பரில் வருவதற்குத் 'துடைப்பம்' என்று பெயர். வந்தால் கடற்கரைச் சாலையையே பெருக்கிவிடும்.

## கோம் எல்-ஷுகாஃபா நிலவறை

ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் நான் சொல்வது இதை.

வெளியே பார்த்தால் கர்மூஸ் பகுதியின் நெரிசலான தெருக்கள், டீக்கடை, காய்கிற துணி. உள்ளே நுழைந்தால் தரையில் ஒரு வட்டக் கிணறு, அதைச் சுற்றி இறங்கும் சுழற்படி, 99 படிகள். கிணற்றின் நடுவே கயிறு கட்டித்தான் சடலங்களை இறக்கினார்களாம். 1900இல் ஒரு கழுதை தரை உடைந்து உள்ளே விழுந்ததால்தான் இந்த இடமே வெளியே தெரிந்தது என்று சொல்கிறார்கள். கழுதைக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம்.

இது கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ரோமானியர் ஆட்சிக் காலத்தில் பாறையைக் குடைந்து செய்தது. முதலில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு என்று தொடங்கி, பிறகு மாடங்களாக வெட்டி நூற்றுக்கணக்கானவர்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள். மூன்று அடுக்கு, கடைசி அடுக்கு நெடுங்காலம் தண்ணீரில் கிடந்தது. இறங்கியதும் ஒரு விருந்து மண்டபம் வரும், மூன்று பக்கமும் சாய்ந்து உட்காரக் கல் திண்ணை. இறந்தவர் நினைவு நாளில் உறவினர்கள் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கொண்டுவந்த பாத்திரங்களைத் திரும்ப எடுத்துப்போகாமல் மேலேயே உடைத்துப் போட்டுவிடுவார்களாம். ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்ததுதான்: ஓட்டாஞ்சில்லு மேடு. திதிச் சாப்பாட்டைக் கல்லறைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்ட ஊர்.

முதன்மைக் கல்லறையின் வாசலுக்கு வாருங்கள். இரண்டு பக்கமும் தாடியோடு பாம்புகள். தலையில் இருப்பது எகிப்திய இரட்டைக் கிரீடம். சுருளுக்குள் வைத்திருப்பதோ கிரேக்கக் கடவுள்களான ஹெர்மிஸின் கோலும் டயோனிசஸின் கோலும். மேலே கேடயத்தில் கிரேக்கக் கதைகளில் வரும் பாம்புக் கூந்தல்காரி மெதூசாவின் தலை. உள்ளே திரும்பிப் பார்த்தால் நாய்த்தலைக் கடவுள் அனூபிஸ், ரோமானியப் படைவீரனின் கவசம் மாட்டிக்கொண்டு, வாளும் ஈட்டியுமாகக் காவல் நிற்கிறார். பக்க மாடங்களில் ஓர் ஆணும் பெண்ணும்: உடம்பு பழைய எகிப்திய பாணியில் விறைத்து நிற்கிறது, தலை மட்டும் ரோமானியரின் முகமும் சிகையலங்காரமும். மூன்று நாகரிகங்கள் கலந்த நகரம் என்று எத்தனை பக்கம் எழுதினாலும் புரியாதது அனூபிஸின் இடுப்புக் கச்சையைப் பார்த்தால் புரிந்துவிடும். முன்தயாரிப்பு எதுவும் வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. 99 படியையும் திரும்ப ஏற வேண்டும், லிஃப்டுக்கு வழியில்லை. உள்ளே ஈரப்பதம், வியர்க்கும். இருட்டிலும் அடைசலான இடத்திலும் பயப்படுகிறவர்கள் தவிர்த்துவிடலாம். சின்னக் குழந்தைகளைப் பலகைப் பாதையில் கையைப் பிடித்தே கூட்டிப்போக வேண்டும். பகல் பதினொன்றரைக்கு மேல் கெய்ரோ சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து சேரும், அப்போது அனூபிஸுக்கும் உங்களுக்கும் நடுவில் முப்பது பேர் இருப்பார்கள்.

## பாம்பி தூண்

பாம்பே என்று மும்பையை நினைத்துக்கொள்ள வேண்டாம், இவர் ரோமானியத் தளபதி பாம்பி. அவருக்கும் தூணுக்கும்கூடச் சம்பந்தமில்லை, இடைக்காலப் பயணிகள் தப்பாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் இது பேரரசர் டயோக்லீஷியனுக்காக கி.பி. 300ஐ ஒட்டிய ஆண்டுகளில் நட்டது. அஸ்வான் சிவப்பு கிரானைட், அடி முதல் முடி வரை சுமார் 27 மீட்டர், நடுத்தண்டு ஒரே கல். சுற்றிலும் 391இல் இடிக்கப்பட்ட, கிரேக்க-எகிப்தியக் கடவுளான செராபிஸின் கோயிலின் வெற்று மேடு. பழைய நூலகத்தின் கிளை இந்தக் கோயிலில்தான் இருந்தது. நிலத்தடிச் சுரங்கப் பாதையில் மாடங்கள் இருக்கின்றன, நூல் சுருள்களை வைத்தது அங்கேதான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

நிலவறையிலிருந்து நடக்கிற தூரம்தான், அதனால் சேர்த்துப் பார்க்கலாம். இதற்காக மட்டும் டாக்ஸி பிடித்து வரத் தேவையில்லை, தூணின் பெரும்பகுதி மதிலுக்கு வெளியேயிருந்தே தெரிகிறது.

## கோம் எல்-திக்கா

பழைய நூலகத்தின் வாசம் வேண்டும் என்று ஏங்கி வருகிறவர்களுக்கு நான் சொல்வது புதிய நூலகத்தை அல்ல, இந்த இடத்தை.

பெரும்பாலோர் இங்கே உள்ள ரோமானிய அரங்கைப் பார்த்துவிட்டு, இரண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 1960இல் போலந்து ஆய்வாளர்கள் ஒரு மண்மேட்டைக் கிளறியபோது வெளிப்பட்ட அரங்கு, குதிரைலாட வடிவில் 13 வரிசைப் பளிங்கு இருக்கைகள். சிறியதுதான். துருக்கியிலோ ஜோர்தானிலோ ரோமானிய அரங்குகளைப் பார்த்தவர்களுக்கு "இவ்வளவுதானா" என்று தோன்றும்.

அரங்கைத் தாண்டி நடங்கள். வரிசையாக இருபதுக்கும் மேற்பட்ட சிறு கூடங்கள், கூரை இல்லாமல். ஒவ்வொன்றிலும் மூன்று பக்கச் சுவரை ஒட்டிப் படிப்படியாகக் கல் பெஞ்சு, நடுநாயகமாக உயர்ந்த ஓர் இருக்கை. அது ஆசிரியருக்கு. இவை கி.பி. 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை நடந்த வகுப்பறைகள். சொல்லிலக்கணமும் தத்துவமும் மருத்துவமும் கற்பதற்காக மாணவர்கள் மத்தியதரைக் கடலின் எல்லாக் கரைகளிலிருந்தும் வந்த நகரத்தில், அந்தப் படிப்பு நடந்த அறையே எஞ்சியிருக்கிறது. நூலகம் எரிந்ததா, சிதைந்ததா, எப்போது என்ற சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். கடைசி பெஞ்சு எங்கே இருந்தது என்று இங்கே காட்டலாம்.

மறைசெலவு: அதே வளாகத்தில் 'பறவைகளின் இல்லம்' என்ற வண்ணக்கல் தரை ஓவியங்களுக்குத் தனி டிக்கெட். மயில், காடை, புறா எல்லாம் இருக்கின்றன, வாங்கலாம். நிழல் குறைவு, மே முதல் செப்டம்பர் வரை தொப்பி இல்லாமல் போக வேண்டாம். இங்கே கொஞ்சம் முன்தயாரிப்பும் வேண்டும், ஒன்றும் தெரியாமல் போனால் கல் பெஞ்சு கல் பெஞ்சாகத்தான் தெரியும். பெரிய வசதி என்னவென்றால் நகரின் முதன்மை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம்.

## கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகம்

1892இல் நிறுவிய அருங்காட்சியகம், 2005இல் சீரமைப்புக்காக மூடிய கதவு 2023 அக்டோபரில்தான் திறந்தது. பழைய பயணக் குறிப்புகளில் 'மூடியிருக்கிறது' என்று இருந்தால் நம்பாதீர்கள். செராபிஸ் கோயிலில் கிடைத்த எகிப்தியர் கும்பிட்ட ஏபிஸ் காளையின் கருங்கல் சிலை, தலையில் கப்பல் முகப்பைச் சூடிய அரசியின் வண்ணக்கல் ஓவியம், சுடுமண் பெண் சிற்பங்கள் என்று தரத்தில் குறையே இல்லை. ஆனால் அரைகுறையாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு நாள் பயணத்தில் இதைச் சேர்த்தால் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். கெய்ரோவில் ஏற்கெனவே இரண்டு அருங்காட்சியகங்கள் பார்த்துக் கால் ஓய்ந்தவர்கள் தாராளமாக விடலாம். இரவு தங்குகிறவர்கள் மறுநாள் காலையில் முதல் வேலையாக இங்கே போய்விட்டு, பக்கத்துத் தெருவில் கிரேக்கக் கவிஞர் கவாஃபி கடைசி வரை வாழ்ந்த மாடி வீட்டையும் பார்க்கலாம்.

## என் கணக்கு

தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள்: கெய்ரோவிலிருந்து விடியற்காலை ரயில். இறங்கியதும் நிலவறைக்கு டாக்ஸி, பேருந்துக் கூட்டம் வரும் முன். நடந்துபோய்த் தூண். திரும்பி வந்து கோம் எல்-திக்கா. பிறகு கடற்கரைச் சாலையில் மீன் சாப்பாடு. எடை போட்டுத்தான் விலை, சுடுவதற்கு முன் எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் மிச்சமிருந்தால் கோட்டையை வெளியிலிருந்து.

அம்மா அப்பாவோடு போகிறவர்கள்: நூலகமும் அதன் அருங்காட்சியகமும், அப்புறம் கோட்டைக் கடலோரம். வழியில் அபுல் அப்பாஸ் அல்-முர்சி பள்ளிவாசல். ஸ்பெயினின் முர்சியாவில் பிறந்து இந்த ஊரில் அடங்கிய 13ஆம் நூற்றாண்டு சூஃபி அவர். கட்டணம் இல்லை, செருப்பைப் பார்த்துக்கொள்பவருக்குச் சில்லறை போதும்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள்: கோட்டை முதலில், நாய் ஓவியம் இரண்டாவது. நிலவறைக்கு ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் கூட்டிப் போங்கள், வீட்டுக்கு வந்தபின் அவர்கள் சொல்லப்போவது அந்தக் கதையைத்தான்.

மாணவர் அடையாள அட்டை இருந்தால் டிக்கெட் பாதி விலை. பல இடங்களில் பணம் வாங்காமல் கார்டு கேட்கிறார்கள், பக்ஷீஷுக்கோ சில்லறைதான் வேண்டும், இரண்டும் கையில் இருக்கட்டும். ரம்ஜான் மாதத்தில் எல்லா இடமும் சீக்கிரம் மூடும். திரும்பும் ரயிலுக்கு இடத்தைக் காலையிலேயே பதிவு செய்துவிடுங்கள், கோடை வெள்ளி, சனி மாலைகளில் கெய்ரோக்காரர்கள் மொத்தமாகத் திரும்புகிற ரயில் அது.